சத்தம் போட வேண்டிய லும்பியா

நக்கர்லான், லகூனா.
ஞாயிறு, காலைப் பூசைக்குப் பின்.

அன்பும் மதிப்பும் நிறைந்த கொன்சுவெலோ அக்காவுக்கு, தம்பி சாந்தோ பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே என் வீட்டுக்காரி ருஃபீனாவின் வலது மணிக்கட்டு ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் கடவுள் புண்ணியத்தில் நலம். அங்கே வின்னிபெக்கில் உங்கள் முழங்காலும், அதைக் குத்தவரும் குளிரும் இந்த வருஷமாவது சண்டை போடாமல் இருக்கின்றன என்று நம்புகிறேன்.

போன மாதம் தொலைபேசியில் நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். "டேய் சாந்தோ, வாணலிய விட்டு எடுக்கறப்ப மொறுமொறுன்னு இருக்கற லும்பியா, சர்ச்சுக்குக் கொண்டுபோறதுக்குள்ள மழையில நனைஞ்ச கோழி மாதிரி தொங்கிப்போயிடுதே, அது ஏன்டா? இத்தனை வருஷம் வாத்தியாரா இருந்தியே, இதுக்கு ஒரு பதில் சொல்லு பாப்போம்" என்றீர்கள். நான் "யோசிச்சு எழுதறேன் அக்கா" என்று சொல்லிவிட்டேன். உண்மையில் அப்போது எனக்கு லும்பியாவைப் பற்றித் தெரிந்தது, அதைத் தின்னும் வழி ஒன்றுதான். மெல்லிய மாவுத்தாளில் கொத்துக்கறியை வைத்துச் சுருட்டி எண்ணெயில் பொரிப்பார்கள் என்று தெரியும். ஆனால் விமானத்துக்கு இறக்கை உண்டு என்று தெரிந்தவர்கள் எல்லாம் விமானம் ஓட்டிவிட முடியுமா? இன்று எனக்குப் பதில் தெரியும். அதைத் தெரிந்துகொண்ட விதத்தையும் சேர்த்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். தேநீர் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் என் மகன் அர்னெலின் கல்யாணம். பெண் ஜொவெலினை உங்களுக்குத் தெரியும். பக்கத்து ஊர் லிலியூவில் செருப்புக் கடை வைத்திருக்கும் இலாரியோவின் இளைய மகள். பையனுக்கு ஜனவரி கடைசியில் கப்பல் வேலை. ஏறினால் பத்து மாதம் கடலில்தான். ஏறுவதற்கு முன் கல்யாணம் முடிந்துவிட வேண்டும் என்று இரண்டு பேரும் துடிக்கிறார்கள். இலாரியோவுக்குச் சம்மதம். அவர் மனைவி பெர்பெத்துவா அம்மாவுக்குத்தான் இல்லை. காரணம், ஜொவெலினின் அக்காவுக்கு வரும் டிசம்பரில் கல்யாணம். ஒரே வருஷத்தில் கூடப் பிறந்த இருவருக்குக் கல்யாணம் ஆனால் ஒருத்தியின் அதிர்ஷ்டத்தை இன்னொருத்தி தின்றுவிடுவாள் என்பது உங்களுக்குத் தெரியாததா? நான் சொன்னேன், "டிசம்பர் ஒரு வருஷம், ஜனவரி வேற வருஷம், இதுல குத்தம் எங்க இருந்து வருது?" என்று. அந்த அம்மா சொல்லியனுப்பியது: "சார்கிட்ட சொல்லுங்க, வருஷம்னா பன்னிரண்டு மாசம். காலண்டரக் கிழிச்சா விதி கிழியாது." ஆக, நேற்று சனிக்கிழமை நாங்கள் முறைப்படி பெண் கேட்கப் போகும்போது அந்த அம்மாவின் வாயிலிருந்து ஒரு 'சரி' வாங்கியாக வேண்டியிருந்தது. வாங்காவிட்டால் அர்னெல் கல்யாணம் ஆகாமலே கப்பலேறுவான். ஜொவெலின் ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருப்பாள். அவர்கள் இருவரின் முகத்தையும் நான்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஜொவெலின் பெண் கெட்டிக்காரி. ருஃபீனாவைக் கூப்பிட்டு ரகசியமாகச் சொன்னாள். "அத்தை, அம்மாவ வாயால பேசி மாத்த முடியாது. ஆனா வாய்க்குள்ள மொறுமொறுன்னு ஏதாவது போயிடுச்சுன்னா கொஞ்சம் எறங்கி வருவாங்க. லும்பியான்னா உசுரு. ஆனா கடிக்கிற சத்தம் அடுத்த ரூமுக்குக் கேக்கணும். கேக்கலைன்னா தட்டத் தள்ளி வச்சிடுவாங்க." ருஃபீனா உடனே சரி என்றுவிட்டாள். மறுநாள் சாயங்காலமே ஊர்ச் சதுக்கத்தில் பெண்களெல்லாம் ஆடும் ஜும்பாவில், எல்லாரும் இடப்பக்கம் போனபோது இவள் வலப்பக்கம் போய், மீன் விற்கும் அம்மாளின் முதுகில் மோதி, மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டு கட்டோடு வந்து சேர்ந்தாள். "கடையில வாங்கிக்கலாமே" என்றேன். "பொண்ணு கேக்கப் போறப்ப கடைப் பலகாரமா? அந்தம்மா நம்மள என்ன நினைப்பாங்க? நீதான் சுடணும் சாந்தோ. உனக்கு ரெண்டு கையும் நல்லாத்தானே இருக்கு?" என்றாள். மறுக்க எனக்கு ஒரு சுளுக்குக்கூட இல்லை.

முதல் நாள் பாடம் மாவுத்தாள். அக்கா, அந்தத் தாள்கள் புதிதாக அச்சடித்து வந்த வினாத்தாள்கள் மாதிரி. ஒன்றை எடுத்தால் நான்கு சேர்ந்து வரும், பிரித்தால் கிழியும். ருஃபீனா நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கட்டளையிட்டாள். நம் ஊரில் கை நன்றாக இருப்பவர்களே உதட்டைக் குவித்துத்தான் திசை காட்டுவார்கள். கை போனவள் சும்மா இருப்பாளா? "சாந்தோ, அந்த இத எடு." எதை? "அதான், அந்த இது" என்று உதட்டைக் குவித்து அலமாரிப் பக்கம் காட்டுவாள். நான் உப்பை எடுப்பேன். "அது இல்ல, அதுக்குப் பக்கத்துல இருக்கற இது." மிளகை எடுப்பேன். கடைசியில் அவள் கேட்டது ஈரத்துணி. தாள்களை ஈரத்துணியால் மூடி வைத்தால் காயாது, கிழியாது. இந்த ஒரு வரியைச் சொல்ல அவள் உதடு திசைகாட்டி முள் மாதிரி கால் மணி நேரம் சுற்றியது. பிறகு சுருட்டினேன். தாராள மனசோடு கறியை அள்ளி வைத்துச் சுருட்டினேன். ருஃபீனா பார்த்துவிட்டு, "இது லும்பியாவா, இல்ல விருந்தாளிக்குப் போடுற பாயா?" என்றாள். பொரித்தபோது வெளியே கரி, உள்ளே பச்சை. படிக்காமலே வேகமாக எழுதித் தாளை முதலில் நீட்டும் மாணவன் மாதிரி. லும்பியா விரல் பருமனுக்கு மேல் போகக் கூடாது, எண்ணெய் மிதமாகக் காய வேண்டும் என்று அன்று கற்றேன்.

இரண்டாம் நாள் பாடம் வெடி. கேரட்டையும் வெங்காயத்தையும் துருவி, பிழியாமல் அப்படியே கறியில் கலந்துவிட்டேன். தண்ணீரும் எண்ணெயும் ஒரே பெஞ்சில் உட்கார வைக்கக் கூடாத இரண்டு பையன்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தத் தண்ணீர் மாவுத்தாளுக்குள் ஒளிந்துகொண்டு போகும் என்று நினைக்கவில்லை. முதல் லும்பியா வெடித்தது. இரண்டாவது வெடித்துக் கூரையில் ஒட்டியது. மூன்றாவதைப் போடுவதற்கு முன் அர்னெலின் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைத் தேடி மாட்டிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு தாதோ ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "சார், கெளம்பிட்டீங்களா? எங்க?" என்றான். "எங்கயும் இல்லப்பா, அடுப்புக்குத்தான். வா, சாப்பிடலாம்" என்றேன். வழக்கமாக நாம் எல்லாரையும் கூப்பிடுவோம், எல்லாரும் "இப்பத்தான் சாப்பிட்டேன்" என்பார்கள், அது ஒரு மரியாதை. தாதோவும் அதையேதான் சொன்னான். ஆனால் அத்தனை அவசரமாக, அத்தனை உண்மையாக அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லும்போதே அவன் குரல் தெருமுனையில் இருந்தது.

மூன்றாம் நாள், காய்களைத் துணியில் கட்டி ஒட்டப் பிழிந்தேன். விரல் பருமனில் இறுக்கமாகச் சுருட்டி, ஓரத்தை முட்டை வெள்ளைக்கருவால் ஒட்டினேன். பொன்னிறத்தில் எடுத்தேன். கடித்தேன். அக்கா, மொறுக் என்று ஒரு சத்தம். முற்றத்தில் தூங்கிய நாய் எழுந்து உட்கார்ந்தது. ருஃபீனா ஒன்றைக் கடித்துவிட்டு, முதல் தடவையாக உதட்டைக் குவிக்காமல் சிரித்தாள். "இதக் கொண்டுபோனா அந்தம்மா பொண்ணையும் குடுத்து, கடையில ரெண்டு ஜோடி செருப்பும் குடுப்பாங்க" என்றாள். நான் வாத்தியார் இல்லையா, ஒத்திகை பார்க்காமல் பாடம் நடத்த மாட்டேன். எல்லாவற்றையும் சூட்டோடு ஒரு டப்பாவில் அடுக்கி, மூடியை நன்றாக அழுத்தி, ஜீப்னி ஏறி லிலியூ வரை போய், இறங்காமலே அதே வண்டியில் திரும்பி வந்தேன். ஓட்டுநர், "சார், எங்க எறங்கணும்னு மறந்துட்டீங்களா?" என்று பரிதாபமாகக் கேட்டார். வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்தால், மூடியின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். லும்பியாக்கள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து அழுதுகொண்டிருந்தன. கடித்தேன், சத்தமே இல்லை. நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போதுதான் அக்கா, உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்தது. மழைக்காலத்தில் ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு ஒரு வகுப்பில் ஐம்பது பிள்ளைகளை உட்கார வைத்துப் பாருங்கள். மூச்சுக்காற்று போக வழியில்லாமல் நோட்டுப் புத்தகத்தின் அட்டைகூட வளைந்துவிடும். சூடான லும்பியாவும் மூச்சு விடுகிறது. மூடி போட்டால் அந்த மூச்சு தண்ணீராகி அதன் தலையிலேயே கொட்டுகிறது. அவ்வளவுதான் ரகசியம். அப்படியானால் எப்படிக் கொண்டுபோவது? கொண்டுபோகவே கூடாது, அங்கேயே சுட வேண்டும் என்று முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமையே எல்லாவற்றையும் சுருட்டி, பச்சையாக ஒரு டப்பாவில் அடுக்கி உறைய வைத்துவிட்டேன். உறைந்ததை அப்படியே எண்ணெயில் போடலாம், நன்றாகவே வரும்.

டப்பா என்றேனே, எது என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். ஐஸ்கிரீம் டப்பாதான். நம் வீடுகளில் எந்த ஐஸ்கிரீம் டப்பாவில் ஐஸ்கிரீம் இருந்திருக்கிறது? ஒன்றில் மீன் தலை, ஒன்றில் போன பண்டிகையின் கறி, ஒன்றில் ருஃபீனாவின் ஊசி நூல். சனிக்கிழமை காலை கிளம்பும் அவசரத்தில் வெளியே வாடகைக்குப் பேசிய டிரைசிக்கிள் ஹாரன் அடிக்கிறது, அர்னெல் இஸ்திரி போட்ட சட்டை கசங்காமல் மரம் மாதிரி நிற்கிறான், நான் குளிர்பெட்டியைத் திறந்தால் மேலே ஒரு டப்பா, கீழே ஒரு டப்பா. "ருஃபீனா, எந்த டப்பா?" என்று கேட்டுத் திரும்பினேன். அவள் கண்ணாடி முன் நின்று, மேல் தட்டின் பக்கமாக உதட்டை நன்றாகக் குவித்தாள். தெளிவாக, அழுத்தமாக, இரண்டு தடவை. மேல் டப்பாவை எடுத்தேன். பழைய செய்தித்தாளில் சுற்றி, துண்டில் கட்டி, மடியில் வைத்துக்கொண்டேன். மாவுத்தாள் ஏதாவது கிழிந்திருந்தால் ஒட்டுப் போடலாம் என்று ஒரு கட்டு மாவுத்தாளையும் ஈரத்துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். அந்த ஒரு முன்யோசனைக்காக என் ஆசிரியர் தொழிலைக் கும்பிட வேண்டும்.

இலாரியோ வீட்டில் நல்ல வரவேற்பு. மனுஷர் கூடத்தில் பத்து ஜோடிச் செருப்பை ஒதுக்கித்தான் எங்களுக்கு நாற்காலி போட்டார். பெர்பெத்துவா அம்மா எதிரே உட்கார்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். தலைமை ஆசிரியர் அறைக்கு முன்னால் நிற்பது எப்படி இருக்கும் என்பது இத்தனை வயதில் எனக்குப் புரிந்தது. நான் எழுந்து, "அம்மா, உங்க அடுப்ப ஒரு பத்து நிமிஷம் எனக்குத் தரணும்" என்றேன்.

"வந்தவங்கள அடுப்புகிட்ட நிக்க வச்சா ஊர்ல என்ன பேசுவாங்க சார்? துண்டுக்குள்ள இருக்கற டப்பாவப் பாத்தா ஐஸ்கிரீம் மாதிரிதானே இருக்கு, அதுக்கு எதுக்கு அடுப்பு?"

"டப்பாதாம்மா ஐஸ்கிரீம். உள்ள இருக்கறது வேற" என்று நான் கொஞ்சம் பெருமையாகவே சிரித்தேன். இலாரியோவும் சிரித்தார். "அதானே, எங்க வீட்லயும் அந்த டப்பாலதான் ஆணி போட்டு வச்சிருக்கேன்." எண்ணெய் காய்ந்தது. எல்லாரும் அடுப்பைச் சுற்றி நின்றார்கள். துண்டை அவிழ்த்தேன், செய்தித்தாளைப் பிரித்தேன், மூடியைத் திறந்தேன். உள்ளே ஊதா நிறத்தில், ஓரம் இளகி, நடுவில் ஒரு குன்று மாதிரி, ஊபே கிழங்கு ஐஸ்கிரீம். உண்மையான ஐஸ்கிரீம். ஜொவெலினுக்குப் பிடிக்கும் என்று அர்னெல் வெள்ளிக்கிழமை இரவு வாங்கி வைத்தானாம். யாரிடமும் சொல்லவில்லை. ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் ஐஸ்கிரீமை வைக்கும் ஒரு பிள்ளையை நான் பெற்றிருப்பேன் என்று கனவிலும் நினைக்கவில்லை அக்கா.

எண்ணெய் மட்டும் பேசியது. பெர்பெத்துவா அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "சார், நக்கர்லான்ல லும்பியாவ இந்தக் கலர்லயா பண்றாங்க?" என்றார்.

"நீதானே மேல் டப்பான்னு உதட்டால காட்டினே!" என்று ருஃபீனாவிடம் சீறினேன்.

"நான் எங்கய்யா காட்டினேன்? லிப்ஸ்டிக் போட்டுட்டு உதட்ட ஒட்டிப் பாத்துக்கிட்டு இருந்தேன்!"

"ரெண்டு தடவ குவிச்சியே!"

"மொதத் தடவ சரியா ஒட்டல!"

இலாரியோ சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஜொவெலின் அர்னெலைப் பார்த்தாள், அர்னெல் தரையைப் பார்த்தான். பெர்பெத்துவா அம்மா சிரிக்கவில்லை. கட்டின கையை அவிழ்க்கவுமில்லை. பையனின் காது மடல்கள் சிவந்திருந்தன. என்ன செய்வேன்? பாடப் புத்தகத்தை வீட்டில் மறந்துவிட்டு வந்த நாளில்கூட நான் வகுப்பை விட்டுவிட்டு ஓடியதில்லை. சுண்ணாம்புக்கட்டியாவது கையில் இருக்கும். பையிலிருந்த மாவுத்தாளை எடுத்தேன். கத்தரிக்கோல் வாங்கி, ஒவ்வொரு தாளையும் முக்கோணமாக வெட்டி, ஒன்றும் வைக்காமல், ஒன்றையும் சுருட்டாமல், வெறுமனே எண்ணெயில் போட்டேன். அரை நிமிஷத்தில் பொன்னிறத்தில் நெளிந்துகொண்டு மிதந்தன. எடுத்துக் கம்பித்தட்டில் பரப்பி, மூடாமல் காற்றாட விட்டு, மேலே சர்க்கரையைத் தூவி, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கரண்டி ஊதா ஐஸ்கிரீமை வைத்து நீட்டினேன்.

பெர்பெத்துவா அம்மா சந்தேகத்தோடு ஒன்றை எடுத்தார். கடித்தார். அக்கா, அந்தச் சத்தத்தை நான் எப்படி எழுதுவேன்! தகரக் கூரையில் முதல் மழை விழுந்த மாதிரி இருந்தது. இன்னொன்றை எடுத்தார். மறுபடி மழை. மூன்றாவதை முழுசாக வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். இதுதான் நேரம் என்று நான் ஆரம்பித்தேன். "அம்மா, ஒரு உதாரணம் சொல்றேன். மார்ச்சில பரீட்சை எழுதி முடிச்ச பையன், ஜூன்ல அடுத்த வகுப்புல உக்காருறான். நடுவுல பன்னிரண்டு மாசமா போச்சு? இல்லையே. ஆனா வகுப்பு மாறிடுச்சுல்ல? அந்த மாதிரி, டிசம்பர் போய் ஜனவரி வந்தா வருஷமும் மாறிடுது. பிள்ளைங்க முகத்தப் பாருங்க. ஜனவரி மொத வாரத்துல கல்யாணத்த வச்சுக்கலாமாம்மா?" அந்த அம்மா மென்றுகொண்டே, கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, இரண்டு புருவத்தையும் ஒரே தூக்காகத் தூக்கினார்.

புருவம் தூக்கினால் சரி என்று அர்த்தம். அதற்கு மேல் நம் ஊரில் பத்திரம் எழுத வேண்டியதில்லை. இலாரியோ "சம்பந்தி!" என்று கத்தி என்னைக் கட்டிப்பிடித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். ஜொவெலின் அழுதாள். ருஃபீனா ஒற்றைக் கையால் எல்லாரையும் கட்டிக்கொண்டாள். கடையில் செருப்பு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த யாரோ ஒருவர், ஒரு காலில் செருப்போடு வந்து என் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

ஆகவே அக்கா, உங்கள் கேள்விக்கு என் பதில் இது. காயைப் பிழியுங்கள், ஒல்லியாகச் சுருட்டுங்கள், மிதமான எண்ணெயில் பொரியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எடுத்த லும்பியாவை மூடவே மூடாதீர்கள். யார் சொன்னாலும், பாதிரியாரே வந்து சொன்னாலும், மூடி போடக் கூடாது. மாமாவுக்கு என் வணக்கங்கள். உங்கள் பிள்ளைகளும் பேரக் குழந்தைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க நம் ஊர்க் கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொண்டேன். ஜனவரியில் கட்டாயம் வந்து மணமக்களை ஆசீர்வதிக்க வேண்டும்.

என்றும் உங்கள் தம்பி,
கிரிசாந்தோ

பி.கு. இது திங்கட்கிழமை காலை எழுதுவது. உறையை ஒட்டப் போகும்போது பெர்பெத்துவா அம்மாவே தொலைபேசியில் கூப்பிட்டார்.

"சார், சனிக்கிழமை நான் சாப்பிடறப்ப நீங்க ஏதோ கேட்டீங்களே, என்னது?"

"ஜனவரியில கல்யாணம் வச்சுக்கலாமான்னு கேட்டேம்மா."

"அட கடவுளே, அதுவா! நான் இன்னும் ஒண்ணு வைக்கட்டுமான்னு கேக்கறீங்கன்னுல்ல நெனச்சேன்! என் வாய்க்குள்ள இருந்த சத்தத்துல உங்க உதாரணம் ஒண்ணும் காதுல விழல. எல்லாரும் எதுக்குக் கைதட்டினாங்கன்னு நேத்து ராத்திரிதான் இவர் சொல்றாரு."

"அப்ப... சம்மதம் இல்லையாம்மா?"

"செருப்பு வாங்க வந்தவங்ககிட்ட எல்லாம் இவர் சொல்லியாச்சு. இனிமே நான் இல்லன்னா என் புருவத்துக்கு என்ன மரியாதை? ஜனவரியே இருக்கட்டும். ஆனா ஒரு கண்டிஷன். கல்யாணத்துக்கு லும்பியா நீங்கதான் சுடணும். எங்க பக்கத்துல மாமா, சித்தப்பா எல்லாம் பல்செட்டு. போன கல்யாணத்துல ஒருத்தர் கடிச்ச கடியில பல்லு லும்பியாவோடயே போயி தட்டுல உக்காந்துக்கிச்சு. அதனால மெத்து மெத்துன்னு இருக்கணும். சத்தமே வரக் கூடாது சார்."

உங்கள் சர்ச்சிலும் நம் வயதுக்காரர்கள்தானே அதிகம் அக்கா? மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். இந்தக் கடிதம் கிடைத்ததும் வரும் ஞாயிறு, பொரித்த சூட்டோடு டப்பாவில் அடுக்கி, மூடியை இறுக்கி அழுத்தி, சர்ச்சு போய்ச் சேரும் வரை திறக்காமல் வைத்துப் பாருங்கள்.